கொல்லைப்புறக் கதவுக்கு ஒரு பொத்தான் வையுங்கள்

ரோலப் நடத்தும் குழுக்களுக்கும், ரோலப்பைக் கட்டி வாடகைக்கு விடும் சேவை நிறுவனங்களுக்கும் வணக்கம்.

நான் எத்தீரியம் என்ற பிளாக்செயின் வலைப்பின்னலில் செயலி எழுதிப் பிழைப்பவன். 2017 டிசம்பரில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனைக்குட்டி விளையாட்டு ஒன்று அந்த வலைப்பின்னலையே திணறடித்ததைப் பார்த்தவன். அன்று நொடிக்கு ஏறத்தாழ 15 பரிவர்த்தனை சுமந்த வண்டியில் ஊரே ஏறினால் வேறென்ன நடக்கும்? ஆகவே, எத்தீரியத்தின் சுமையைக் குறைக்கும் துணைச் சங்கிலியான ரோலப்பின் அருமையை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை வெளியே நடத்திச் சுருக்கி, ஒரே மூட்டையாகக் கட்டி எத்தீரியத்தில் இறக்குகிறீர்கள். 2024 மார்ச் 13 அன்று டென்கன் மேம்பாடு வந்து, மூட்டையின் தரவை வைக்க ப்ளாப் என்ற மலிவான இடம் கிடைத்த பிறகு, என் பயனாளர்கள் கட்டணத்தைப் பற்றிப் புலம்புவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்கு மனமார்ந்த நன்றி.

என் மனத்தாங்கல் வேறு. எத்தீரியத்தின் பாதுகாப்பு தங்களுக்கும் உண்டு என்று நீங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிறீர்கள். அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும். உங்கள் இயந்திரம் படுத்தாலும், நீங்கள் கடையை மூடினாலும், எங்களை உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும், எங்கள் பணத்தை நாங்களே எத்தீரியத்துக்குத் திரும்ப எடுத்துச் செல்ல முடிய வேண்டும். முன்வாசல், பரிவர்த்தனைகளை வாங்கி வரிசைப்படுத்தும் சீக்வென்சர் என்ற உங்கள் இயந்திரத்தின் கையில் இருக்கிறது. அது பூட்டிக் கிடந்தால் கொல்லைப்புறக் கதவு ஒன்று உண்டு: பரிவர்த்தனையை நேராக எத்தீரியத்தில் உள்ள உங்கள் ஒப்பந்தத்துக்கு (தானே இயங்கும் நிரலுக்கு) அனுப்பினால், ஓப்பி ஸ்டேக் என்ற மென்பொருளில் கட்டிய ரோலப்களில் 12 மணி நேரத்துக்குள்ளும் ஆர்பிட்ரம் ஒன் என்ற ரோலப்பில் 24 மணி நேரம் கழித்தும், சீக்வென்சர் முகம் சுளித்தாலும் அது சங்கிலியில் ஏறியாக வேண்டும். அழகான வடிவமைப்பு. ஆனால் நான் பயன்படுத்தும் வாலட் (பணப்பைச் செயலி) எதிலும் அதற்கு ஒரு பொத்தான் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு சிறிய வாடகை ரோலப் மூடப்பட்டது. பெயர் வேண்டாம். அதில் கொஞ்சம் பணம் வைத்திருந்த நண்பர் ஒருவர், எத்தீரியத்துக்கும் ரோலப்புக்கும் இடையே பணத்தை மாற்றும் பாலம் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தார். ஒப்பந்தத்தின் முகவரியைத் தேடிப் பிடித்து, அதன் செயல்கூறுகளை ஒவ்வொன்றாகப் படித்து, பதினாறு இலக்க முறையில் தரவைக் கையால் கட்டி அனுப்ப எனக்கு மூன்று மாலைகள் போயின. இதுவே என் தொழில். எனக்கே மூன்று மாலை. அவர் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

முன்வாசல் அப்படியெல்லாம் பூட்டாது என்று சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் 15 அன்று ஆர்பிட்ரம் சீக்வென்சர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. 2025 ஆகஸ்ட் 5 அன்று பேஸ் என்ற ரோலப் 33 நிமிடம் நின்றது. இவை பழுதுகள், பழுது எங்கும் வரும். 2024 ஜூன் 2 அன்று நடந்தது பழுதல்ல. வெலோகோர் என்ற பரிமாற்றச் செயலியில் திருட்டு நடந்ததும் லினியா என்ற ரோலப்பை நடத்தும் குழு தானே முடிவெடுத்துச் சங்கிலியை நிறுத்தியது. திருடனைத் தடுக்கத்தான் செய்தார்கள். நானாக இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் கை துறுதுறுத்திருக்கும். ஆனால் திருடனுக்காகச் சாத்திய கதவின் உள்ளே மற்றவர்களும்தானே இருந்தார்கள்? 2025 ஜனவரியில் சோனியின் சோனியம் ரோலப் தொடங்கிய சூட்டோடு, வேடிக்கைக்காக வெளியிடப்படும் சில மீம் நாணயங்களின் ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டது. எத்தீரியம் வழியாக அந்தத் தடையைச் சுற்றிச் செல்லும் பாதை அதன் அடித்தளமான ஓப்பி ஸ்டேக்கிலேயே இருந்தது. சாதாரணமாக வாங்கி விற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

கொல்லைப்புறக் கதவைத் தாண்டினால் வேலியில் இன்னொரு பூட்டு இருக்கிறது. இதைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லை. என் பரிவர்த்தனை ரோலப்புக்குள் ஏறிவிட்டால் மட்டும் பணம் வெளியே வந்துவிடாது. ரோலப்பின் புதிய நிலையை, அதாவது யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை, யாராவது எத்தீரியத்தில் பதிய வேண்டும். அதன் பிறகுதான், பதிந்ததைச் சரியென்றே எடுத்துக்கொண்டு மறுப்புக்கு நேரம் விடும் ஆப்டிமிஸ்டிக் வகையென்றால் ஏறத்தாழ ஏழு நாள் காத்திருந்து, பணத்தை எடுக்கலாம். அந்தப் பதிவைச் செய்யும் உரிமை உங்கள் முகவரிக்கு மட்டும் இருந்தால், நீங்கள் பதியும்வரை நான் வேலி ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். ஆப்டிமிசம் என்ற ரோலப் 2021 டிசம்பரில் பயன்பாட்டுக்காக எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் கணக்கைப் பதியலாம், தவறான பதிவை மறுக்கலாம் என்ற வசதி 2024 ஜூன் 10 அன்றுதான் வந்தது. அந்த ஆகஸ்டிலேயே தணிக்கையில் ஓட்டைகள் தெரிந்தபோது, வெளிப்படையாகச் சொல்லிப் பின்வாங்கி, சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆர்பிட்ரம் 2025 பிப்ரவரியில் போல்ட் என்ற முறை மூலம் அந்தக் கதவைத் திறந்தது. பெரியவர்களுக்கே இத்தனை ஆண்டுகள் பிடித்தன. சில நிமிடங்களில் ஒரு ரோலப் என்று விற்கும் வாடகைச் சேவையாளர்களே, உங்கள் படிவத்தில் இந்த உரிமை இயல்பாக யார் பெயரில் போகிறது? பெரும்பாலும் உங்கள் பெயரில். வாடிக்கையாளர் வாடகை கட்டாமல் போனால் இயந்திரத்தை அணைப்பீர்கள். அணைத்த பிறகு பதிவது யார்?

அந்த நிலையைக் கணக்கிடத் தேவையான தரவும் அப்படித்தான். ப்ளாப்பில் போட்டதை எத்தீரியம் சுமார் 18 நாள்தான் வைத்திருக்கும். அதற்குப் பின் பிரதி எடுத்து வைத்திருப்பவர் யாரென்று ஒரு வரி எழுதி வைப்பதற்கு என்ன செலவு?

ரோலப்களை ஆராயும் எல்2பீட் தளம், நடத்துபவரை நம்பியிருக்க வேண்டிய அளவைப் பொறுத்து உங்களைப் படிநிலை பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துகிறது. நல்ல பணி. ஆனால் பணம் போடுகிறவர் அங்கே போவதில்லை, உங்கள் பாலத்துக்கு வருகிறார். அந்தத் திரையில் எழுதுங்கள்: நிலையைப் பதியும் உரிமை யாருக்கு, ஒப்பந்தத்தை மாற்றும் சாவிகள் எத்தனை பேரிடம், மாற்றத்துக்கு முன் வெளியேற எத்தனை நாள். அதன் பக்கத்திலேயே அந்தப் பொத்தானை வையுங்கள். கடை மூடும் நாளில் நிலையைப் பதியும் உரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டுப் போவதை வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு விதியாகச் சேருங்கள்.

பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஒத்திகை வேண்டும். முன்கூட்டியே அறிவித்து, உங்கள் சோதனை வலைப்பின்னலில் சீக்வென்சரையும் நிலையைப் பதியும் இயந்திரத்தையும் ஒரு வாரத்துக்கு மேல் அணைத்து வையுங்கள். உங்கள் பொறியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். வெளியாட்கள் மட்டும் பணத்தை எடுக்க முயலட்டும். தேதியைச் சொன்னால் மளிகைக்கடை நண்பரை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரோலப்களில் செயலி எழுதும் ஒருவன்