ஹெட்டை மூடும் முன் களிமண்ணைக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் முப்பது வருடத்துக்கு மேல் போர்மேனாக, அதாவது கார் மெக்கானிக்காக, வேலை பார்த்தவன் நான். போன மாதம் என் தங்கை மகன் தன் புரோட்டோன் வீரா 1.8 காடியை (காரை) கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். அதிலிருந்த 4ஜி93 இன்ஜினின் பிளாக்கில் (பிஸ்டன்கள் ஓடும் அடிப்பாகம்), பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கிய 4ஜி92 மைவெக் இன்ஜினின் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்மூடி) ஒரு பட்டறையில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஐட்லிங் அருமையாக இருந்ததாம். நெடுஞ்சாலையில் முறுக்கியதும் படபடவென்று அடித்து நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலைகளில் வால்வு இடித்த பிறை பிறையான தழும்பு.

இரண்டு இன்ஜினுக்கும் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 81 மில்லிமீட்டர்தான். அதனால் ஹெட் உட்கார்ந்துவிடும், பையன்களும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 4ஜி92-க்கு 77.5, 4ஜி93-க்கு 89 மில்லிமீட்டர். 4ஜி93 பிளாக்கும் உயரம், 4ஜி92-இன் டைமிங் பெல்ட் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் பெல்ட்) எட்டாது. பிஸ்டன் தலை ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சிலிண்டரின் 399 சிசிக்கு 11 மடங்கு என்றிருந்த கம்ப்ரஷன் (அமுக்க விகிதம்) 458 சிசிக்கு 12.5 ஆகிவிடும்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும். பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டை போல்ட் போட்டு முறுக்கி, பெல்ட் மாட்டி, பிஸ்டன்களை ஓட்டும் தண்டான கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்புறம் கழற்றி, பிளேடால் குறுக்கே வெட்டி, மெலிந்த இடத்தை அளக்க வேண்டும். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வில் 2, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில் 2.5 மில்லிமீட்டராவது இருக்கணும்.

மைவெக்கில் இதிலும் ஒரு பொறி உண்டு. அதில் வால்வைத் தள்ளும் கேம் இரண்டு வகை: மெதுவாக ஓடும்போது வால்வைக் குறைவாகத் திறக்கும் தாழ்ந்த கேம், வேகம் ஏறியதும் ஆயில் பிரஷரால் சேர்ந்து அதிகமாகத் திறக்கும் உயர்ந்த கேம். ஆயில் பிரஷர் இல்லாமல் கையால் சுற்றினால் தாழ்ந்த கேம்தான் வேலை செய்யும். உயர்ந்த கேமை லாக் செய்து சுற்றாவிட்டால் களிமண்ணும் பொய் சொல்லும். தங்கை மகனின் காடி ஐட்லிங்கில் தப்பித்து, முறுக்கியதும் இடித்ததற்குக் காரணம் இந்த உயர்ந்த கேம்தான். அந்தப் பட்டறையில் களிமண்ணே வைக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அரை நாள் வேலைக்குச் சோம்பல் பட்டதால் பையனின் பல மாதச் சேமிப்பு போயிற்று. எனக்கு வயிறு எரிகிறது.

காடி கொடுக்கும் தம்பிமார்களே, ஹெட்டை மூடும் முன் வெட்டிய களிமண்ணை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நல்ல போர்மேன் கோபப்பட மாட்டார்.

புது வால்வு வந்துவிட்டது. இந்த முறை கிராங்கைத் தங்கை மகனையே சுற்ற வைக்கிறேன்.

ஓய்வு பெற்ற போர்மேன்,
பட்டர்வொர்த், பினாங்கு