உன் மாத்திரையும் என் பேரனின் மாத்திரையும்

கும்பகோணம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதய வால்வு மாற்றிக்கொண்ட நாளிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க நீ சாப்பிட்டுவரும் அதே வார்ஃபரின் மாத்திரையைத்தான் என் மூன்று வயதுப் பேரனுக்கும் கொடுக்கிறோம் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது நீ பேச்சற்றுப் போனாய். "குழந்தைக்கு எதற்கடா இந்த மருந்து?" என்று இப்போது கேட்டிருக்கிறாய். மகளிடம் கேட்டதையும் மருத்துவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அவனுக்கு வந்தது கவாசாகி நோய். டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961இல் ஒரு சிறுவனிடம் முதலில் கவனித்து, 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். விடாத காய்ச்சல், பீளை கட்டாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், உடம்பெல்லாம் தடிப்பு. முதலில் காட்டிய இடத்தில் தட்டம்மை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விரல் நுனிகளில் தோல் உரியத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள்தான் வேறொரு மருத்துவர் கண்டுபிடித்தார். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் இதயத் தமனி வீங்கும் ஆபத்து நாலில் ஒன்றிலிருந்து நூற்றுக்கு நான்கைந்தாகக் குறையுமாம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எக்கோ எடுத்தபோது, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடது தமனி ஓரிடத்தில் 9 மில்லிமீட்டர் வீங்கியிருந்தது. எட்டைத் தாண்டினாலே ராட்சத வீக்கம் என்கிறார்கள். நாம் சிறுவயதில் குளித்த வாய்க்காலில், கரை அகன்ற மடுவில் மட்டும் நீர் சுழன்று தேங்கிப் பாசி கட்டுமே, அதுபோலத்தான் வீங்கிய இடத்தில் ரத்தம் மெதுவாகச் சுழல்கிறது. உள்சுவரும் புண்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு இந்த நோயில் இரண்டாம் மூன்றாம் வாரங்களில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறும்; அவனுக்கு 9 லட்சத்தைத் தொட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் அங்கே ரத்தம் கட்டியாக உறைந்து, குழந்தைக்கே மாரடைப்பு வரலாம். ஆகவே தட்டணுக்கள் ஒட்டாமலிருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மருந்து என்று இரண்டும் தேவைப்படுகின்றன.

தொடக்கத்தில் எனாக்சபாரின் ஊசி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. பதினான்கு கிலோ எடைக்கு 14 மில்லிகிராம். மகள் இன்சுலின் ஊசியில் பதினான்காவது கோடு வரை மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, தொடைச் சதையை இரு விரலால் தூக்கிப் பிடித்துப் போடுவாள். எடுத்தபின் தேய்க்கக் கூடாது, அழுத்திப் பிடிக்க மட்டும் வேண்டும். அப்படியும் இரு தொடையிலும் நாவற்பழ நிறத்தில் ரத்தக்கட்டுகள். ஊசி டப்பாவின் சத்தம் கேட்டாலே அவன் என் வேட்டிக்குள் ஒளிந்துகொள்வான்.

இப்போது வார்ஃபரின். ஒரு மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், பிளேடால் நறுக்கிய பாதியும், இரண்டு கரண்டிகளுக்கு நடுவே பொடித்து இரவு எட்டு மணிக்கு. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் உனக்கு மூன்றை ஒட்டி இருக்கலாம். அவனுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஆனால் குழந்தை உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. அவன் பாட்டி ஆசையாக முருங்கைக்கீரைப் பொரியலை நான்கு நாள் ஊட்டியதில் 1.6க்கு இறங்கியது, இருமலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த வாரத்தில் 3.9க்கு ஏறி, ஈறில் ரத்தம் கசிந்தது. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் கொடுக்கச் சொன்னார்கள். அதற்காகவே மகள் சமையலறையில் ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

வேறு சில கட்டுப்பாடுகளும் உண்டு. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும்தான். ஐபூபுரூபன் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மையோ இன்புளூயன்சாவோ வந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வரக்கூடும் என்பதால், வீட்டில் எல்லோரும் இன்புளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொண்டோம். தாமதமாகவேனும் இம்யூனோகுளோபுலின் ஏற்றியதால் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் பதினோரு மாதம் தள்ளிப் போயிருக்கின்றன.

நண்பா, எனக்குப் புரியவே வெகுநாள் ஆன ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் எதுவும் வீக்கத்தைக் கரைப்பதில்லை. தமனி தானாக ஆறும்வரை, அதற்குள் எதுவும் உறைந்துவிடாமல் காவல் நிற்பதே அவற்றின் வேலை. சிறிய வீக்கங்களில் பாதிக்கு மேல் ஓரிரு ஆண்டுகளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. இவனுடையதைப் போன்ற பெரியவை எளிதில் திரும்புவதில்லை என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. மகள் அதைக் கேட்டுவிட்டு, மறுநாளும் எட்டு மணிக்கு அலாரம் வைத்தாள்.

உன்னிடம் பல ஆண்டு ஐ.என்.ஆர். நோட்டு இருக்குமே, அதில் எண்ணோடு வேறென்னவெல்லாம் குறித்துவைப்பாய் என்று எழுது. மகள் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த எக்கோ தை மாதக் கடைசியில். அளவு தெரிந்த அன்று மாலையே உன்னை அழைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்