'குறை ஒன்றும் இல்லை' ஒரு மனைவியின் வாக்குமூலம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எம்.எஸ். சுப்புலட்சுமி, சதாசிவம் இணையரின் இல்வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் இதழில் எழுதியிருந்தார். அந்த விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால், 'குறை ஒன்றும் இல்லை' என்று பாடியவரின் இல்லறத்தில் குறை ஏது என்று அவர் கேட்டிருப்பதை ஏற்க இயலவில்லை.

அந்தப் பாடலை இயற்றியவர் எங்கள் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அது கண்ணனை நோக்கிய பாடலே தவிர, கணவரைப் பற்றியது அன்று. ஆசிரியப் பணியில் இருந்தபோது தொரப்பள்ளி நினைவு இல்லத்துக்கு மாணவிகளை அழைத்துச் சென்றேன். "அந்தம்மாவே எழுதின பாட்டுன்னு நினைச்சிருந்தேன் சார்" என்றாள் ஒருத்தி. அந்தக் குரல் அப்படி நம்ப வைத்துவிடுகிறது. படம் எடுப்பவரும் அதில் மயங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

1936-இல், மதுரை வீட்டையும் வீணைக் கலைஞரான தாய் சண்முகவடிவையும் விட்டுச் சென்னைக்கு வந்தபோது எம்.எஸ்.ஸுக்கு வயது இருபது. அவர் நம்பி வந்த சதாசிவத்துக்கு அப்போதே மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். அந்த மனைவி மறைந்த பின், 1940 ஜூலையில் திருநீர்மலையில் இவர்கள் திருமணம் நடந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை ஒரே பாட்டில் கடந்துவிடும் படம் எனக்கு வேண்டாம். தாயைப் பிரிந்த மகளின் மனமும், அதே ஆண்டுகளில் முதல் மனைவி பட்ட பாடும் அதில் இடம்பெற வேண்டும்.

சதாசிவத்தைக் கொடுமைக்காரராகச் சித்திரிப்பதும் நியாயம் ஆகாது. கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்து, அடுத்து எதைப் பாடுவது என்று குறிப்புக் காட்டியவர் அவர். அந்தக் குரல் உலகெங்கும் சென்றதில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அதே வேளையில், 1941-இல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதர் வேடம் ஏற்றுப் பெற்ற ஊதியமே, சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் தொடங்கிய 'கல்கி' இதழுக்கு முதலாயிற்று என்பதையும், கச்சேரி வருவாயை அறப்பணிகளுக்கு அள்ளிக் கொடுத்த அதே குடும்பம் பின்னாளில் தாம் வாழ்ந்த 'கல்கி தோட்டம்' என்ற சென்னை வீட்டையே விட்டு வெளியேற நேர்ந்ததையும் சொல்லாமல் விடலாகாது. சம்பாதித்தவரிடம் அந்த வீட்டில் யோசனை கேட்கப்பட்டதா? இதைக் கேட்கும் துணிவு இயக்குநருக்கு இருக்க வேண்டும். 1997-இல் சதாசிவம் மறைந்த பிறகு எம்.எஸ். பொதுமேடையில் கச்சேரி செய்யவில்லை. அதை அன்பு என்றோ அடிமைத்தனம் என்றோ பின்னணிக் குரல் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை.

மற்றொரு வேண்டுகோள், ராதாவை மறந்துவிடக் கூடாது. முதல் மனைவியின் மகளான அவர், 'மீரா' படத்தில் சிறுமி மீராவாக நடித்தவர், பல்லாண்டுகள் எம்.எஸ்.ஸுடன் மேடையில் சேர்ந்து பாடியவர். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ராஜாஜியின் ஆங்கிலப் பிரார்த்தனைப் பாடலை எம்.எஸ். பாடியபோதும் உடன் பாடியவர் அந்த மகள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.