பெயர் மாற்றப் பதிவு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். பெயர் மாற்ற விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும், ஆணை கைக்கு வந்தபின் மற்ற ஆவணங்களைத் திருத்த உதவுவதும் எங்கள் வேலை. ஆணையை அச்சிடுமுன் அதன் மாதிரியை விண்ணப்பித்தவரிடம் ஒருமுறை காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான். ஓர் எழுத்து பிசகினால், திருத்த ஆணைக்கு மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டியிருக்கிறது.

பழைய பெயரில்தான் பெரும்பாலான சிக்கல். பிறப்புச் சான்றில் 'செ. முத்துலட்சுமி', பட்டச் சான்றில் 'முத்துலெட்சுமி செல்வராஜ்' என்று இருக்கும். ஆணையில் முதலாவது மட்டும் இடம்பெற்றால், பட்டம் வேறு யாருடையதோ என்று வேலை தருபவர் திருப்பி அனுப்புவார். ஆவணங்களில் உள்ள எல்லா வடிவங்களையும் எழுத்து மாறாமல் எழுத, படிவத்தில் இடம் விடுங்கள். பிறந்த தேதியையும் ஆணையில் சேருங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள்.

அடுத்தது இனிஷியல். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். புள்ளிக்கு அங்கே இடமில்லை. ஆகவே இனிஷியலை விரிப்பதா, விரித்தால் அது எந்தக் கட்டத்தில் என்பதை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். குடும்பப் பெயர் இல்லாதவரை அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஓர் அலுவலகம் அப்பா பெயரை அதில் போடும், இன்னொன்று இரண்டையும் இடம் மாற்றும். பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் ஒத்துப்போகாமல் ஆள் விமான நிலையத்தில் நிற்பார்.

குழந்தையின் பெயர் என்றால், பெற்றோர் இருவரின் சம்மதம் வேண்டுமா, ஒருவர் உடன் இல்லாவிட்டால் நீதிமன்ற ஆணை தேவையா என்பதைக் கட்டணம் வாங்குமுன் சொல்லிவிடுங்கள். தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. விவரம் தெரிந்த பிள்ளையிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசுங்கள், அம்மா அப்பா பக்கத்தில் இல்லாமல். பொதுத்தேர்வுக்குப் பெயர் பதியுமுன் மாற்றம் முடிந்தால் நல்லது என்பதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

சான்றிட்ட நகல்கள் நான்கைந்தாவது கொடுங்கள். ஒரே அசல் கடவுச்சீட்டு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டால் வங்கி வேலை நின்றுவிடுகிறது.

கடைசியாக, ஆனால் அவசரமாக: பெயர் மாற்றத்தைப் பொதுவில் வெளியிடும் இடங்களில் முகவரியை மறைக்க வழி செய்யுங்கள். அடிக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த பெண்ணின் புதுப்பெயரும் புது முகவரியும் ஒரே வரியில் அச்சாகக் கூடாது.

இப்படிக்கு,
பெயர் மாற்ற விண்ணப்ப உதவியாளர்கள்