முதலில் அவர்களிடம் சொன்னேன்

அன்பு மகளுக்கு,

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "காய்ச்சல் வந்த அன்றைக்கு யாரோ ஒரு டீச்சரைக் கூப்பிடத் தெரிந்த உனக்கு, பெற்ற மகளைக் கூப்பிடத் தெரியவில்லையா அம்மா?" என்று கேட்டாய். உன் குரல் கம்மிப்போயிருந்தது. நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் கூடவே நடமாடுகிறது. வாயால் சொன்னால் பாதியில் நான் அழுவேன், நீயும் அழுவாய், பிறகு ஒருவரை ஒருவர் தேற்றுவதிலேயே சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி. முடிவில் உனக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் அந்த இரவு. மார்பகப் புற்றுநோய்க்கான இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். கீமோவில் ஏற்றும் அந்தச் சிவப்பு மருந்து உடம்பில் ஏறிய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பதினொரு மணிக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தெர்மாமீட்டர் 38.3 டிகிரி செல்சியஸ் காட்டியது. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். உன் எண்ணுக்குத்தான் முதலில் கை போனது, அது உண்மை. ஆனால் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நீ துடிப்பாய். உன்னை அமைதிப்படுத்த "லேசான சூடுதான், ஒன்றுமில்லை" என்பேன். இரண்டு தடவை சொன்னால் நானே அதை நம்பிவிடுவேன்.

டீச்சரைக் கூப்பிட்டேன். கீமோ அறையில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எவ்வளவு?" என்றார். சொன்னேன். "பையை எடு, கிளம்பு. 38-ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று நமக்குப் படித்துப் படித்துச் சொன்னார்களா இல்லையா? நீ வண்டியில் ஏறும்வரை நான் போனை வைக்கப்போவதில்லை." ஏறும்வரை மட்டுமல்ல, மருத்துவமனை வாசலில் இறங்கும்வரை அவர் வைக்கவில்லை. போன உடனே ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றினார்கள். வெள்ளை அணுக்கள் இல்லாத உடம்பில் தொற்று புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் நாள் உன்னிடம் பேசினேன்.

கண்ணம்மா, டீச்சர் மேல் எனக்குப் பிரியம் அதிகம், உன் மேல் குறைவு என்பதல்ல. டீச்சர் பயந்துபோவாரே என்று நான் பயப்பட வேண்டியதில்லை. அதுதான் வித்தியாசம். உன்னிடம் பேசும்போது, எந்த நிலையிலும் நான் உன் அம்மா. உன் முகம் வாடக் கூடாது என்ற நினைப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். டீச்சரிடமும் கீமோ அறையின் மற்றப் பெண்களிடமும் நான் யாருக்கும் அம்மா இல்லை. ஒரு மார்பும் பதினோரு நிணநீர் முடிச்சுகளும் போன ஒரு பெண். அவர்களும் அப்படித்தான்.

இந்தக் கூட்டத்துக்குள் நான் எப்படி வந்தேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. அறுவை சிகிச்சைக்கு மறுநாள், விலாவிலிருந்து இரண்டு வடிகுழாய்கள் தொங்க, கட்டிலில் சாய்ந்திருந்தேன். கட்டைப் பார்க்கவே கூடாது என்று கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்திருந்தேன். ஒரு பெண்மணி உள்ளே வந்து, "ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். என் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. நேராக மார்புக்குப் போனது. வெட்கத்தில் சட்டென்று பார்வையைத் திருப்பினேன். "தாராளமாகப் பாருங்கள், பார்க்கத்தானே வந்திருக்கிறேன்" என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இதய வடிவில் தைத்த சின்னத் தலையணை ஒன்றை அக்குளுக்கும் கைக்கும் நடுவில் வைத்துவிட்டார். முந்தின நாளிலிருந்து தையலில் உரசிக்கொண்டிருந்த கை அப்போதுதான் இளைப்பாறியது. போகும்போது, சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல ஏற்றி ஏற்றிக் கையைத் தூக்கப் பழகும் விதத்தைக் காட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையணை இன்னும் என் படுக்கையில்தான் இருக்கிறது. போன தடவை வந்தபோது நீ அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாய்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவரும் ஒரு நோயாளிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர். மார்பு எடுக்கப்பட்டபின், இனி எப்படி உடுத்துவது, கையை எப்படி அசைப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் தவித்தவர். 1952-ல் மற்ற பெண்களின் கட்டிலைத் தேடித் தானே போக ஆரம்பித்தார். 'இந்த அம்மாவுக்கு வார்டில் என்ன வேலை' என்று மருத்துவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 'ரீச் டு ரிகவரி' என்று அதற்குப் பெயர் வைத்தார். 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. அன்று அவரை வெளியே போகச் சொன்னவர்களுக்குப் பயந்து அவர் வீட்டோடு இருந்திருந்தால், எனக்குச் சுவரைத் தவிர வேறு துணை இருந்திருக்காது.

கீமோ அறையில் நாங்கள் ஆறு பேர். ஊசி ஏறும் நேரம் நீளமானது, பேச்சும் அப்படித்தான். எவரும் சொல்லித் தராதவற்றை அங்கேதான் தெரிந்துகொண்டேன். முடி கொட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தலைத்தோல் நோகும், தலையணையில் சாய்த்தால் முடியின் வேர் வேராக வலிக்கும். அது ஏதோ புது நோய் என்று அலற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். சொன்னபடி 17-ம் நாள் முடி கொத்தாகக் கையோடு வந்தபோது, நான் எதிர்பார்த்திருந்த விருந்தாளியைப் போலத்தான் அது வந்தது. அழுதேன். ஆனால் திடுக்கிடவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். சிவப்பு மருந்து முடிந்து, வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்தை ஏற்றினார்கள், மொத்தம் 12 வாரம். எட்டாவது வாரத்தில் விரல் நுனிகள் மரத்துவிட்டன. ரத்த அழுத்தம் பார்த்து முடித்தபின் சட்டைப் பொத்தானைப் போட முயல்கிறேன், முடியவில்லை. பொத்தான் விரலுக்கு அடியில் இருப்பதே தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. எதிர் நாற்காலியில் இருந்த இளம் பெண், தன் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தின் கம்பத்தை உருட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். ஒன்றும் பேசாமல் இரண்டு பொத்தான்களைப் போட்டாள். மூன்றாவதில் நிறுத்திவிட்டு, "இதை நீங்கள் போடுங்கள் அம்மா, கண்ணால் பார்த்துக்கொண்டே போடுங்கள், வரும்" என்று நின்றாள். அவள் விரல்களும் மரத்தவைதான். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, போட்டுவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் மூன்றையும் நீயே போட்டிருப்பாய். உன் அன்பு அப்படி. அந்த மூன்றாவது பொத்தானை விட்டுவைக்க அவளுக்குத்தான் தெரிந்தது. மரத்துப்போவதைப் பற்றி டாக்டரிடம் உடனே சொல்லச் சொன்னவளும் அவள்தான். சொன்னேன், அளவைக் குறைத்தார்கள்.

கூட்டம் என்றால் எல்லாமே நல்லதாக இருந்துவிடாது. புதிதாக வந்த ஒருவர், ஏதோ ஒரு பொடியால் தன் உறவினருக்குக் கட்டி கரைந்தது, ஊசியை நிறுத்தினால்தான் அது வேலை செய்யும் என்று ஒருநாள் பேச ஆரம்பித்தார். டீச்சர் அவரை அவமதிக்கவில்லை. "வலி, பயம், தூக்கம் எதை வேண்டுமானாலும் இங்கே பேசுவோம். மருந்தை நிறுத்துவது, மாற்றுவது மட்டும் டாக்டர் அறையில்" என்று சொல்லிவிட்டார். நீ பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானே? அதற்கு அங்கே காவல் இருக்கிறது.

கனமாக எதையும் தூக்காதே, கையை வீசாதே என்று நீ போனில் சொல்வாய். எனக்கும் முன்பு அந்தப் பயம்தான், நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டதால் நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடுமோ என்று. 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், இந்தச் சிகிச்சை முடிந்த 24 பெண்களை டிராகன் படகு என்ற நீளமான துடுப்புப் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்திருக்கிறார். அன்று எல்லோரும் செய்யாதே என்று சொன்ன வேலை அது. படிப்படியாகப் பழக்கினார். ஒருவருக்கும் அதனால் புதிதாக வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப் படகுக் குழுக்கள் இருக்கின்றன. எங்களிடம் படகு இல்லை. வாரத்தில் மூன்று நாள் சேர்ந்து நடக்கிறோம், இயன்முறை மருத்துவர் சொன்ன அளவில் சின்ன எடைகளைத் தூக்குகிறோம். நீ கவலைப்பட வேண்டாம்.

நீ அனுப்பிய கட்டுரைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குழுவில் இருந்தால் ஆயுள் கூடும் என்று அதில் இருந்தது. 1989-ல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் அப்படிச் சொன்னது உண்மை. நோய் பரவிய 86 பெண்களில், வாரம் ஒருமுறை கூடிப் பேசியவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது அவர் ஆய்வு. ஆனால் 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. கூடிப் பேசியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, வலியின் கொடுமை குறைந்தது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் போதும் மகளே. நாட்களை நீட்டிக்கொள்ள நான் அங்கே போகவில்லை.

சொல்லப்போனால், ஆயுளைப் பற்றி அந்த அறையில் பேசுவதற்கே நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பொத்தான் போட்ட பெண்ணுக்கு 34 வயது. நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. எங்களுக்கெல்லாம் சிகிச்சைக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது, அவளுக்கு இல்லை. கடைசி ஊசி முடிந்தவர்கள் மணி அடிப்பது அங்கே வழக்கம். ஒருநாள் ஒருவர் மணி அடிக்க, எல்லோரும் கைதட்ட, அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். என் முறை வந்தபோது நான் அடிக்கவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'போராடு', 'ஜெயித்துவிடுவாய்' என்ற சொற்களையும் அன்றோடு விட்டுவிட்டோம். சாகப்போகிறவள் சரியாகப் போராடாதவள் என்று அர்த்தம் வரும் எந்தச் சொல்லும் எங்களுக்கு வேண்டாம்.

இப்போது உனக்கான செய்தி. மூன்று வாரத்துக்கு முன் என் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் எனக்குப் பிறவியிலேயே ஒரு பிழை இருக்கிறது. இதையும் முதலில் அவர்களிடம்தான் சொன்னேன். உனக்கும் உன் அண்ணனுக்கும் நான் கொடுத்தது இதுவா என்று அன்று உடைந்துபோனேன். யாரும் குறுக்கே பேசவில்லை, அழ விட்டார்கள். பிறகு அந்த இளம் பெண் கேட்டாள், "உங்கள் மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா?" குழந்தை பயந்துவிடுவாள், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அவளுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவள் அம்மாவுக்கு வந்தது கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சினைப்பையில் புற்றுநோய். வீட்டில் 'வயிற்றுக் கோளாறு' என்று சொல்லியே கடைசிவரை மூடிவைத்தார்கள். "எனக்குத் தெரிந்திருந்தால் 25 வயதிலிருந்தே பரிசோதனைக்குப் போயிருப்பேன் அம்மா. என் குழந்தைக்கு இப்போது நான்கு வயது. இன்றைக்கே எழுதுங்கள்" என்றாள்.

அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பிழை உனக்கு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உன் அண்ணனுக்கும் அதே வாய்ப்புதான், ஆண்களுக்கும் இது வரும், அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இருந்தால், 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 70, சினைப்பைப் புற்றுநோய்க்குச் சுமார் 17. இல்லாவிட்டால், இந்தப் பிழையால் வரும் ஆபத்து உன்னோடு முடிந்தது, உன் பிள்ளைகளுக்கும் போகாது. இருந்தாலும் வழி இருக்கிறது. ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ. ஸ்கேன், 30 வயதுக்குப் பிறகு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேர்த்து என்பது பரவலான நடைமுறை. ஆபத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சைகளும் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு முன்பே மரபணு ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிவிடு. என் அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், அவரிடம் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும். போகலாமா வேண்டாமா, எப்போது என்பதெல்லாம் உன் முடிவு. நான் அவசரப்படுத்த மாட்டேன்.

போவதாக இருந்தால், நான் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். என் முகத்தைப் பார்த்தால் உனக்கு அழுகை வரும் என்றால், என்னிடம் சொல்லாமலேயே போய் வா. கடிதத்தின் பின்பக்கத்தில் அந்தப் பெண்ணின் எண்ணை எழுதியிருக்கிறேன். இந்த வாரம் அவளுக்கு ஊசி கிடையாது, மாலையில் எந்த நேரமும் பேசலாம் என்று உனக்குச் சொல்லச் சொன்னாள். என்னிடம் கேட்க முடியாததை எல்லாம் அவளிடம் கேள். என்ன பேசினீர்கள் என்று நான் இரண்டு பேரிடமும் கேட்க மாட்டேன்.

உன் அம்மா