மலைப்பக்கச் சுவரும் தளத்து ஈரமும்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் மூட்டுவலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. ஹட்டனில் நாங்கள் சுகம். மகள் ஏ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டாள்.

நுவரெலியா வீட்டுத் தளத்தில் அடுத்த கிழமையே குளிர் தடுக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை விரித்து, அதன்மேல் ஸ்கிரீட் என்ற சீமெந்து மணல் படை போட மேசன் அவசரப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறுக்கச் சொல். மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம் அது. மேல்பக்கத்து மண்ணில் ஊறும் தண்ணீர் சுவரடியில்தான் வந்து நிற்கும். அந்தப் பக்கம் தளத்தின் அடிமட்டத்துக்கும் அரை அடி கீழே போகிற மாதிரி கான் (வடிகால்) வெட்டி, துளையிட்ட பிவிசி குழாய் வைத்து, சுற்றிலும் மெட்டல் (உடைத்த கல்) போட்டு, மண் புகாத துணியால் மூடிவிடு. நூறு அடிக்கு ஒரு அடியாவது சரிவு வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே எவ்வளவு விலையான நீர்புகாப் பூச்சு அடித்தாலும் தண்ணீர் வேறு வழி தேடும்.

கொங்கிரீட் போட்டு 28 நாள் கழிந்ததும், ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பார். அடியில் வேர்த்திருந்தாலோ கொங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் ஏறுகிறது. அப்படிப்பட்ட தளத்தில் பிட்டுமன் என்ற தார் வகைப் பூச்சு கொப்பளித்துக் கிளம்பும். பவுடரும் திரவமும் கலக்கும் சீமெந்து வகைப் பூச்சுதான் பொருத்தம். அது கொங்கிரீட்டைக் கவ்விப் பிடித்து, கீழிருந்து வரும் ஈரத்தைத் தாங்கும். மேலே படிந்த சீமெந்துப் பாலைக் கம்பி பிரஷால் சுரண்டி, தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். இரண்டாவது பூச்சு முதலாவதற்குக் குறுக்காகப் போகட்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 2 கிலோ போலப் பிடிக்கும்; சரியான அளவு பையிலேயே இருக்கும்.

ஒழுக்கு பெரும்பாலும் தளத்தின் நடுவில் வருவதில்லை, சுவரும் தளமும் சேரும் மூலையில்தான். அங்கே 1:3 சாந்தால் இரண்டு அங்குலச் சரிவு கட்டி, பைபர் வலையைப் பூச்சுக்குள் அழுத்தி, சுவரில் ஆறு அங்குலம் ஏற்று. சாந்து பூசிய சுவரென்றால் அந்த உயரத்துக்குச் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு ஏற்று. இல்லாவிட்டால் ஈரம் சாந்துக்குள்ளாலேயே ஏறிவிடும். குழாய் வரும் துளைகளையும் இப்படியே செய். இந்த வேலையை நீயே பக்கத்தில் நின்று பார், மச்சான்.

பொதி கட்டும் மென்மையான ரெஜிபோம் வேண்டாம். பாரத்தில் அமுங்கி ஸ்கிரீட் வெடிக்கும். அடர்த்தி கூடிய 50 மில்லிமீட்டர் பலகையே வாங்கு. பெற்றோல் போன்ற கரைப்பான் கலந்த கறுப்புப் பூச்சு எதுவும் அதில் படக்கூடாது, கரைந்துவிடும். சுவரோரம் 10 மில்லிமீட்டர் போம் பட்டி. மேலே 1000 கேஜ் (கால் மில்லிமீட்டர் தடிப்பு) பொலித்தீனை ஆறு அங்குலம் மேவி விரித்து டேப் ஒட்டு. இல்லையென்றால் சாந்துப்பால் இடுக்குகளில் இறங்கும்.

ஸ்கிரீட் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடியில் போம் இருக்கும்போது மெலிந்தால் ஓரம் கிளம்பும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 1:4 கலவையில் சீமெந்து ஐந்தரை மூடை, மணல் கால் கியூபுக்கு (25 கன அடி) சற்றுக் கூட. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. ஏழு நாள் பொலித்தீனால் மூடி வை. பிறகு நல்ல வெயிலிலேயே நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் காயும். உங்கள் பனிமூட்டத்தில் இன்னும் மெதுவாக. அதன்மேல் மரப்பலகைத் தளம் போடுவதென்றால் இரண்டரை மாதமாவது பொறு.

மலைப்பக்கச் சுவர் கருங்கல்லா, புளொக் கல்லா என்று நீ எழுதவில்லை. கருங்கல் என்றால் மூலை வேலை கொஞ்சம் வேறு. அடுத்த கடிதத்தில் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்