பொம்மை அன்று, தாயத்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர்களைப் பற்றிய கட்டுரையோடு, தாடி வைத்த கண்ணாடித் தலை ஒன்றின் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். கருநீலமும் மஞ்சளும் கண்ணைப் பறித்தன. ஆனால் கீழே 'ஊதிச் செய்த கண்ணாடிப் பொம்மை' என்று படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

கண்ணாடியை ஊதும் வித்தை கி.மு. முதல் நூற்றாண்டில்தான் பிறந்தது. இந்தத் தலைகள் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வரத் தொடங்கிவிட்டன. களிமண் பூசிய கம்பியின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி ஏற்றி, சூடு ஆறுவதற்குள் முகத்தை உருவாக்கினார்கள். வெள்ளையில் ஒரு சொட்டு, அதன்மேல் கருநீலத்தில் ஒரு சொட்டு, கண் திறந்துவிட்டது! தாடியின் ஒவ்வொரு சுருளையும் தனியாகத் திருகி ஒட்டவேண்டும். கடைசியாக உச்சந்தலையில் ஒரு வளையம். கம்பியை உருவியதும் உள்ளே வெற்றிடம். கை சற்றுச் சுணங்கினாலும் கண்ணாடி இறுகிவிடும்.

அந்த வளையத்தைத்தான் உங்கள் படத்தில் வெட்டிவிட்டார்கள். நூல் கோத்துக் கழுத்தில் அணிந்த பொருள் இது என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இத்தாலியின் சார்டினியாத் தீவிலுள்ள ஒல்பியாவில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த கழுத்தணியில் இத்தகைய தலைகள் மணிகளோடு சேர்ந்தே இருக்கின்றன. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலும் ஸ்பெயினின் இபிசாத் தீவிலும் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. வணிகர்களோடு கருங்கடல் வரை போயிருக்கின்றன. முகத்தை மீறி விழித்துப் பார்க்கும் அந்தக் கண்கள் கண்ணேறு கழிக்கத்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. குழந்தைகள் விளையாடுவதற்கு யாரும் இப்படி மெனக்கெடமாட்டார்கள்.

இன்னொன்று, அளவு. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கும்வரை நானும் கையகலச் சிலைகள் என்றே எண்ணியிருந்தேன். கண்ணாடிப் பேழைக்குள் இருந்தவை என் கட்டைவிரல் அளவுதான்! குனிந்து, மூக்கு பேழையில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிய பிறகே தாடிச் சுருள்களை எண்ண முடிந்தது. இத்தனை சிறிய முகத்தில் இத்தனை வேலையா என்று அங்கிருந்து நகர மனம் வரவில்லை. முழுப் பக்கப் படம் அந்த வியப்பை வாசகரிடமிருந்து பறித்துவிடுகிறது.

அடுத்த இதழில் ஓரத்தில் சிறிதாகவேனும் அதே படத்தை வளையத்தோடு, உண்மை அளவில் வெளியிடுங்கள். உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் கீழே குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்